கட்டற்ற மென்பொருளுக்கு ஆவணம் எழுத எந்த ஃபார்மேட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ப் பயனர் குழுவில் ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது ஒருவர் புதிதாக ஒரு மென்பொருளை எழுதி வெளியிடுகிறார். நிரல் தயார், அதை வைக்கும் களஞ்சியமான ரெப்போவும் தயார். கையேடு எழுத உட்காரும்போதுதான் கேள்விகள் வருகின்றன. ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சும்மா எழுதி வைக்கப் போறோம். அதுக்கு எதுக்குங்க ஃபார்மேட்டப் பத்தி இவ்வளவு யோசனை?"

எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கைக்கு வந்ததில் எழுதுங்கள். ஆனால் கட்டற்ற மென்பொருளின் ஆவணத்தை முதலில் எழுதுகிறவர் ஒருவர், பிறகு திருத்துகிறவர்கள் பலர். பதிப்பு மாறும்போது ஒரு கட்டளை மாறும், ஒரு மெனு இடம் மாறும். அதை முதலில் கவனிக்கிறவர் உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு பயனராகத்தான் இருப்பார்.

ஒரு கல்லூரி மாணவி ஒரு கருவியை நிறுவப் பார்த்தார். கையேட்டில் கொடுத்திருந்த தொகுப்பின் பெயரில் ஓர் எழுத்து பிழை. சரியானதை அவரே கண்டுபிடித்து நிறுவிவிட்டார். திருத்தி அனுப்பலாம் என்று பார்த்தால் இணையத்தில் இருந்தது பிடிஎஃப் மட்டும். மூலக் கோப்பு யாரோ ஒருவரின் மடிக்கணினியில் இருந்தது. மின்னஞ்சல் போட்டார், பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த மாணவர்களும் அதே வரியில் மாட்டிக்கொண்டார்கள். பிழையைப் பார்த்த ஆள், பார்த்த அந்த நிமிடத்திலேயே திருத்த முடிகிறதா? எந்த ஃபார்மேட்டைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

"வேர்டுல எழுதி பிடிஎஃப்பா போட்டா போதாதா? படிக்க அழகா இருக்குமே."

படிக்க அழகாக இருக்கும், சேர்ந்து எழுதத்தான் இடைஞ்சல். டாக்எக்ஸ் கோப்பும் லிப்ரேஆஃபிஸின் ஓடிடி கோப்பும் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருக்கி வைத்த ஜிப் பொட்டலங்கள். ஒரு சொல்லை மாற்றிக் கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிவுசெய்தால்), மாற்றங்களைக் கணக்கு வைக்கும் மென்பொருளான கிட்டுக்குத் தெரிவது "பைனரி கோப்பு மாறியிருக்கிறது" என்பது மட்டுமே. என்ன மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று வரி வரியாகப் பார்க்க வழியில்லை. இரண்டு பேர் ஒரே நாளில் திருத்தினால் இரண்டையும் ஒன்றாக்கி மெர்ஜ் செய்யவும் முடியாது, ஒருவர் வேலை போய்விடும்.

லிப்ரேஆஃபிஸின் ஆவணக் குழு தன் வழிகாட்டி நூல்களை ஓடிடியில்தான் எழுதுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அந்த மென்பொருளைப் பற்றிய நூல் அந்த மென்பொருளிலேயே உருவாகிறது, எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் அது பழகிய கருவி. உங்கள் குழுவும் அப்படி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நிரலாளர்கள் பங்களிக்கும் திட்டம் என்றால் வெறும் உரைக் கோப்பு, நிரல் இருக்கும் அதே ரெப்போவில். பிடிஎஃப் வேண்டுமென்றால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

"விக்கி ஒண்ணு வச்சுட்டா யார் வேணா வந்து திருத்தலாமே?"

திருத்துகிறவருக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆர்ச் லினக்ஸின் விக்கியை மற்ற டிஸ்ட்ரோக்காரர்களும் (வேறு லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துகிறவர்களும்) தேடிப் போய்ப் படிக்கிறார்கள். ஆனால் ஆர்ச்சுக்கு ஒரு வசதி உண்டு. அது தொடர்ந்து புதுப்பிக்கப்படும் டிஸ்ட்ரோ, "பழைய பதிப்புக்கான கையேடு" என்ற தேவையே அங்கு இல்லை. உங்கள் மென்பொருளில் 2.1 பயன்படுத்துகிறவரும் 3.0 பயன்படுத்துகிறவரும் ஒரே சமயத்தில் இருந்தால், விக்கிப் பக்கம் யாருக்கு எழுதப்பட்டது என்பது சீக்கிரமே குழம்பிவிடும். ரெப்போவில் இருந்தால் 2.1 பதிப்பைக் குறிக்கும் டேக்கைச் செக்அவுட் செய்தாலே (அந்த நிலையை எடுத்தாலே) 2.1-க்கான கையேடு கூடவே வரும்.

இணைய உருவாக்குநர்கள் நம்பிப் படிக்கும் எம்டிஎன் தளம் பல ஆண்டுகள் விக்கியாகத்தான் இருந்தது. 2020 டிசம்பரில் உள்ளடக்கம் முழுவதையும் கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு திருத்தத்தையும் வெளியிடுவதற்கு முன் இன்னொருவர் பார்க்கிறார்.

"எல்லாரும் மார்க்டவுன்தான் எழுதுறாங்க. அதுவே போதும்தானே?"

பாதிக்கு மேற்பட்ட திட்டங்களுக்குப் போதும் என்றே சொல்வேன். 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டபோது, மின்னஞ்சலில் நாம் இயல்பாக எழுதும் விதத்தை ஒட்டியே அதை அமைத்தார். தலைப்புக்கு `#`, பட்டியலுக்கு `-`, அவ்வளவுதான். மாற்றிப் பார்க்காமல் மூலக் கோப்பையே படித்தாலும் புரியும். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், கிட்ஹப், கிட்லேப் இரண்டும் அப்படியே காட்டும். குபர்னெட்டீஸ் ஆவணங்களும் ரஸ்ட் மொழியின் அதிகாரப்பூர்வக் கையேடும் மார்க்டவுனில்தான் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், மார்க்டவுன் என்பது ஒன்றல்ல. க்ரூபரின் விவரிப்பில் பல இடங்கள் தெளிவில்லாமல் இருந்ததால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. அதை ஒழுங்குபடுத்த 2014-இல் காமன்மார்க் என்ற பொது விவரிப்பு வந்தது. ஆனால் காமன்மார்க்கில் அட்டவணை கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது, "எச்சரிக்கை" என்று பெட்டி கட்டிக் காட்ட வழி கிடையாது. உரைக் கோப்புகளை இணையதளமாக்கும் கருவிகளில், அவற்றை எம்கேடாக்ஸ் ஒரு விதமாகவும் ஹ்யூகோ வேறு விதமாகவும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே "நாங்கள் மார்க்டவுனில் எழுதுகிறோம்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கருவியின் மார்க்டவுன் என்பதையும் பங்களிப்பாளர் வழிகாட்டியில் எழுதி வையுங்கள்.

"ஆர்எஸ்டி கஷ்டம்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் பைத்தான், லினக்ஸ் கர்னல்லாம் அதுலயே இருக்கு?"

ஆர்எஸ்டி என்பது ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட். மார்க்டவுன் போலவே உரையில் குறிகள் இட்டு எழுதுவது, ஆனால் கொஞ்சம் கண்டிப்பான மொழி. உள்தள்ளல் ஓர் இடம் பிசகினாலும் எச்சரிக்கை வரும். அந்தக் கண்டிப்புக்குக் கைமாறாகக் கிடைப்பது உள்ளிணைப்பு. மார்க்டவுனில் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது கோப்பின் பாதையை எழுதுகிறோம். கோப்பை நகர்த்தினால் இணைப்பு சத்தமில்லாமல் உடையும். ஆர்எஸ்டியில் ஒரு லேபிளைச் சொல்லி இணைக்கிறோம். கோப்பு எங்கே போனாலும், ஆர்எஸ்டியை இணையப் பக்கமாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸ் கண்டுபிடித்துக்கொள்ளும், லேபிளே இல்லாமல் போனால் கட்டும்போதே சொல்லிவிடும். ஒரு ஃபங்ஷனின் பெயரைக் குறிப்பிட்டால் அதன் விளக்கத்துக்குத் தானாக இணைப்பு விழும். நிரலில் உள்ள குறிப்புகளை இழுத்து வந்து பக்கமாக்கவும் முடியும்.

பைத்தான் ஆவணங்கள் முன்பு லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தன. கியோர்க் பிராண்டில் ஸ்பிங்க்ஸை எழுதி 2008-இல் வெளியிட்டதே அவற்றை ஆர்எஸ்டிக்குக் கொண்டுவருவதற்காகத்தான். லினக்ஸ் கர்னல், எக்ஸ்எம்எல் ஒட்டுகளால் எழுதும் டாக்புக்கில் இருந்து ஸ்பிங்க்ஸுக்கு மாறத் தொடங்கியது 2016-இல், 4.8 பதிப்பில். நிரலாளர்கள் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுகிறீர்கள், நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களை விளக்க வேண்டும் என்றால் ஆர்எஸ்டி உழைப்புக்குத் தகும். பத்துப் பக்கக் கையேட்டுக்கு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிற்க விரும்பினால் மிஸ்ட் என்ற நீட்டிப்பு இருக்கிறது. மார்க்டவுனில் எழுதி ஸ்பிங்க்ஸின் வசதிகளைப் பெறலாம்.

"ஆஸ்கிடாக்னு ஒண்ணு சொல்றாங்களே, அது யாருக்கு?"

புத்தகம் போல நீண்ட கையேடு எழுதுகிறவர்களுக்கு. கிட்டின் கையேடு முழுவதும் ஆஸ்கிடாக்கில்தான் இருக்கிறது. டெர்மினலில் படிக்கும் உதவிப் பக்கமான மேன் பக்கமும் இணையத்தில் பார்க்கும் பக்கமும் அதே ஒரு மூலத்தில் இருந்து வருபவை. எழுத மார்க்டவுன் போல எளிது. அட்டவணை, எச்சரிக்கைப் பெட்டி, ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பைச் சேர்ப்பது எல்லாம் மொழியிலேயே இருக்கின்றன, நீட்டிப்புத் தேட வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் டாக்புக்கில் இருந்த தன் பெரிய கையேட்டை 2021 தொடக்கத்தில் ஆஸ்கிடாக்குக்கு மாற்றியது.

தயக்கம் ஒன்றுதான்: புதிதாக வருகிறவருக்கு மார்க்டவுன் ஏற்கெனவே தெரிந்திருக்கும், இதைக் கற்க வேண்டியிருக்கும்.

"டாக்புக் செத்துப் போச்சா?"

இல்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணங்கள் இன்றும் டாக்புக்கில்தான் இருக்கின்றன, இத்தனை நேர்த்தியான கையேடு உள்ள தரவுத்தளங்கள் குறைவு. எக்ஸ்எம்எல்லுக்கு முந்தைய எஸ்ஜிஎம்எல் காலத்தில் தொடங்கியதால், எக்ஸ்எம்எல்லுக்கு மாறிய பிறகும் கோப்புகளின் பின்னொட்டு பழைய எஸ்ஜிஎம்எல் பெயரிலேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பத்தி எழுதக்கூடத் திறப்பு ஒட்டு, மூடும் ஒட்டு என்று வரும்போது, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வந்தவர் பயந்து திரும்பிவிடுவார்.

"கமாண்ட் லைன் கருவிதான் எழுதியிருக்கேன். மேன் பக்கம் கட்டாயமா?"

கட்டாயம் இல்லை, ஆனால் டெபியன் லினக்ஸுக்குள் போக வேண்டுமானால் எழுதிவிடுவது நல்லது. ஒவ்வொரு நிரலுக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும் என்று டெபியனின் கொள்கை ஆவணம் சொல்கிறது. அதைத் தாண்டியும், இணையம் இல்லாத சர்வரில் உட்கார்ந்திருப்பவருக்கு உதவுவது அது ஒன்றுதான். மேன் பக்கத்தின் மூல மொழியான ராஃப் 1970-களின் யூனிக்ஸில் இருந்து வருவது, அதை நேரடியாக எழுதப் பழக வேண்டியதில்லை. மார்க்டவுனில் எழுதிப் பேன்டாக் என்ற ஃபார்மேட் மாற்றி மூலம் மாற்றலாம், ஸ்பிங்க்ஸும் ஆஸ்கிடாக்குக்கான கருவியான ஆஸ்கிடாக்டரும்கூட மேன் பக்கம் தரும். க்னூ திட்டத்தின் மென்பொருள் என்றால் அங்கே டெக்ஸ்இன்ஃபோதான் அதிகாரப்பூர்வ ஃபார்மேட், அதன்படி போங்கள்.

"தமிழ்ல எழுதப் போறேன். எது ஒத்துவரும்?"

எல்லாமே யூனிகோடை ஏற்கும். அப்படியிருந்தும் எழுதத் தொடங்கினால் கை தடுக்கும், காரணம் தமிழின் வேற்றுமை உருபுகள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால் அடுத்து இடைவெளி வரும். நமக்கு "கோப்பு" தடித்த எழுத்தில் வேண்டும், ஆனால் எழுதுவது "கோப்புகளை". மார்க்டவுனில் உடுக்குறியால் (`*`) `**கோப்பு**களை` என்று எழுதினால் சரியாக வரும். அதையே அடிக்கோட்டுக் குறியால் `__கோப்பு__களை` என்று எழுதினால் வராது, குறிகள் அப்படியே திரையில் நிற்கும். மேற்கோள் குறி உள்ளே இருந்தால் உடுக்குறியும் கைவிடும்: `**"கோப்பு"**களை` என்பது காமன்மார்க் விதிப்படி தடிக்காது. மேற்கோளை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆர்எஸ்டியில் இன்னும் கண்டிப்பு. மூடும் குறிக்குப் பிறகு இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தே ஆக வேண்டும். ஆகவே `**கோப்பு**\ களை` என்று பின்சாய்வுக் கோடும் இடைவெளியும் போட வேண்டும், அந்த இடைவெளி வெளியீட்டில் வராது. ஆஸ்கிடாக்கில் ஒற்றை உடுக்குறிக்குப் பதில் இரட்டை போட்டால் சொல்லுக்கு நடுவிலும் வேலை செய்யும். கட்டளைப் பெயர்களுக்கு நான் எல்லாவற்றிலும் இணைகோடு போட்டுவிடுகிறேன், "`கிட்`-ஐ நிறுவுங்கள்" என்பது போல. மூன்று மொழிகளும் அதை ஏற்கின்றன, படிக்கவும் உறுத்தாது.

அடுத்தது தலைப்பின் கீழ்க்கோடு. ஆர்எஸ்டியில் தலைப்பின் கீழே `=` குறிகளை வரிசையாகப் போட வேண்டும், அந்த வரிசை தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. "அறிமுகம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறியீடுகள்: அ, ற, இகரக் குறி, ம, உகரக் குறி, க, ம, புள்ளி. ஐந்து `=` போட்டால் "கோடு போதவில்லை" என்று எச்சரிக்கை வரும். நீளமாகப் போனால் தவறில்லை, எப்போதும் தாராளமாக இழுத்துவிடுங்கள்.

"ஸ்பிங்க்ஸ்ல தமிழ்த் தலைப்பு வச்சேன். இணைப்பு முகவரியில ஐடி1, ஐடி2-ன்னு வருதே?"

தலைப்பில் இருந்து முகவரித் துண்டு (முகவரியில் `#`-க்குப் பின் வருவது) உருவாக்கும்போது, ஸ்பிங்க்ஸுக்கு அடியில் இருக்கும் டாக்யூட்டில்ஸ் நிரல் ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளும். தமிழ்த் தலைப்பில் எதுவும் மிஞ்சாததால் வரிசை எண் கொடுத்துவிடுகிறது. இதில் ஆபத்து இருக்கிறது. நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்தால் எண்கள் எல்லாம் நகரும், வெளியில் இருந்து உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தவர்கள் தவறான இடத்தில் போய் இறங்குவார்கள். ஒவ்வொரு தலைப்புக்கு மேலேயும் ஆங்கில எழுத்தில் ஒரு லேபிள் கொடுத்துவிடுங்கள்.

தமிழிலேயே முகவரித் துண்டை வைக்கும் கருவிகளும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும், "அறிமுகம்" என்பது மட்டும் 72 எழுத்து. அங்கேயும் லேபிள்தான் என் பரிந்துரை.

"பிடிஎஃப் எடுத்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு உடைஞ்சு வருது. ஃபார்மேட்ட மாத்தணுமா?"

ஃபார்மேட்டின் குற்றம் இல்லை, பிடிஎஃப் செய்யும் எஞ்சினைப் பாருங்கள். "கொ" என்று எழுதும்போது கோப்பில் ககரம் முதலில், குறி பிறகு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தை எழுத்துருவும் வடிவமைப்பு எஞ்சினும் சேர்ந்து செய்கின்றன. பழைய பிடிஎஃப்லேடெக்கால் அது முடியாது. ஸ்பிங்க்ஸ், பேன்டாக் இரண்டிலும் எஞ்சினை ஜீலேடெக் என்று மாற்றி ஒரு யூனிகோடு தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் சரியாகிவிடும். லூவாலேடெக் என்றால், எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் முறையை இயக்க வேண்டும். அதுவும் தொல்லை என்றால், இணையப் பக்கமாக மாற்றி பிரவுசரில் இருந்தே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பிரவுசர்கள் தமிழை நன்றாகவே காட்டுகின்றன.

"கண்ணுக்கு முன்னாடி 'கோப்பு' இருக்கு, தேடினா கிடைக்கல. ஏன்?"

"கோ"-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று தனித்தனியாக. திரையில் ஒரே மாதிரி தெரியும், கிரெப் என்ற தேடல் கட்டளைக்கு இரண்டும் வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களில் இருந்து மாற்றி வந்த கோப்புகளில் இதைப் பார்த்திருக்கிறேன். யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் எல்லாம் ஒன்றாகும். கமிட் செய்யும்போதே தானாக மாற்றும்படி ஒரு ஹூக் (தானாக ஓடும் சிறு நிரல்) வைத்தால், மாற்றங்களைக் காட்டும் டிஃப்பிலும் பொய்யான மாற்றங்கள் தெரியாது.

"ஆங்கிலத்துல ஒரு கையேடு, தமிழ்ல ஒண்ணு. ஆங்கிலம் மாறும்போது தமிழ் பின்தங்கிடுதே?"

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மொழிக்கு ஓர் அடைவு வைத்துக் கோப்பு கோப்பாக மொழிபெயர்ப்பது, குபர்னெட்டீஸ் செய்வது போல. வாக்கியங்களைத் தமிழுக்கு ஏற்றபடி வரிசை மாற்றி, பத்தி பிரித்து எழுதலாம். ஆனால் ஆங்கிலத்தில் எந்த வரி மாறியது என்று நீங்கள்தான் தேட வேண்டும்.

மற்றொன்று கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறை. ஸ்பிங்க்ஸ் ஒவ்வொரு பத்தியையும் தனித் தனியாக எடுத்துப் பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் தரும். ஆங்கிலப் பத்தி மாறினால் அதன் தமிழ் "ஃபஸ்ஸி" (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்படும், அதை மட்டும் பார்த்தால் போதும். திருத்தும் வரை வாசகருக்கு அந்தப் பத்தி ஆங்கிலத்தில் தெரியும், தவறான தமிழைப் படிப்பதைவிட அது நல்லது. பைத்தானின் பிற மொழி ஆவணங்கள் இப்படித்தான் நடக்கின்றன. 2017-இல் எழுதப்பட்ட பெப் 545 என்ற பைத்தான் முன்மொழிவு ஆவணம் அதற்கான நடைமுறையைச் சொல்கிறது. மார்க்டவுன், ஆஸ்கிடாக், மேன் பக்கங்களுக்கு பிஓ4ஏ என்ற கருவி இதே வேலையைச் செய்யும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரே, கையேடு சிறிது என்றால் முதல் வழி. ஆள் மாறி மாறி வருவார்கள் என்றால் இரண்டாவது.

"முந்நூறு பக்கம் எழுதியாச்சு. இப்ப ஃபார்மேட் மாத்தலாமா?"

மாற்றலாம், மேலே சொன்ன ஃப்ரீபிஎஸ்டியும் பைத்தானும் அதைவிடப் பெரிய மலையை நகர்த்தியவைதான். ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் எழுதத் தொடங்கிய பேன்டாக் பெரும்பகுதி வேலையை முடித்துக் கொடுக்கும். அட்டவணைகளையும் உள்ளிணைப்புகளையும் கையால் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மாற்றும் கமிட்டில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாதீர்கள். பிழை கண்ணில் பட்டாலும் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கமிட்டில் திருத்துங்கள். இல்லையென்றால் எது மாற்றியின் வேலை, எது உங்கள் வேலை என்று பிறகு பிரிக்க முடியாது. பழைய முகவரிகளில் இருந்து புதியவற்றுக்குத் திருப்பிவிடவும் மறக்க வேண்டாம். மாற்றும்போதே ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. பத்தி முழுவதும் ஒரே வரியில் இருந்தால், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முழுப் பத்தியும் டிஃப்பில் சிவப்பும் பச்சையுமாக வந்து நிற்கும்.

"நாம நம்பியிருக்கிற கருவி நின்னு போச்சுன்னா?"

ஆஸ்கிடாக் அந்தக் கட்டத்தைக் கடந்து வந்தது. 2002-இல் ஸ்டூவர்ட் ராக்கம் எழுதிய முதல் நிரல் பைத்தான் 2-இல் இருந்தது. அந்தப் பைத்தானின் காலம் முடிந்தபோது, ஆஸ்கிடாக்கில் எழுதியவர்கள் தவிக்கவில்லை. ரூபியில் எழுதப்பட்ட ஆஸ்கிடாக்டர் 2013-இலிருந்தே இருந்தது, கோப்புகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. உங்கள் ஃபார்மேட்டைப் படிக்கக்கூடிய நிரல் குறைந்தது இரண்டாவது இருக்கிறதா என்று தொடங்கும்போதே பாருங்கள். ஒரே ஒரு கருவியின் சிறப்புக் குறிகளைக் கோப்பு முழுவதும் தூவி வைத்தால் மார்க்டவுனும் உங்களைக் காப்பாற்றாது.

"எங்க குழுவுல பாதிப் பேர் மார்க்டவுன், பாதிப் பேர் ஆர்எஸ்டின்னு நிக்கிறாங்க. எப்படி முடிவு பண்றது?"

வாக்கெடுப்பு வேண்டாம். மிகவும் சிக்கலான ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையும் கட்டளையும் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பும் இருக்கிற பக்கமாக இருக்கட்டும். இரண்டிலும் எழுதுங்கள், இரண்டிலும் வேண்டுமென்றே ஒரு பிழையை வையுங்கள். பிறகு திட்டத்தைப் பார்த்தே இராத ஒருவரை உட்கார வைத்து, எதுவும் சொல்லித் தராமல், திருத்தி, அதைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எதைத் தேடுகிறார், எப்போது உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று அருகில் இருந்து கவனியுங்கள்.

எங்கள் குழுவில் இதைச் செய்தபோது, இரண்டு மொழிகளிலும் திருத்தம் சில நிமிடங்களில் முடிந்தது. வந்தவர் அரை மணி நேரம் தேடியது, அந்தப் பக்கத்தின் மூலக் கோப்பு ரெப்போவில் எங்கே இருக்கிறது என்பதை. அன்று மாலையே ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் "இந்தப் பக்கத்தைத் திருத்து" என்ற இணைப்பைச் சேர்த்தோம். ஃபார்மேட் எது என்பதை அடுத்த சந்திப்பில் பேசிக்கொண்டோம்.